பழைய கார் ஸ்டார்ட் ஆனவுடன் நின்றுவிடுகிறது: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

கேள்வியின் சாரம் இது. 1990-களின் பிற்பகுதியில் வந்த கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள மாருதி 800 கார் ஒன்று சில மாதங்கள் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது. புதிய பேட்டரி போட்டபின் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சினும் உடனே பிடித்துக்கொள்கிறது, ஆனால் சில நொடிகளில் நின்றுவிடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார், மாற்றலாமா? இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பது என் பதில். கார்புரேட்டரில் குறை இருக்கலாம். ஆனால் இதே அறிகுறியைக் காட்டக்கூடிய வேறு பல பழுதுகள் உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை கார்புரேட்டரின் விலையில் சிறு பகுதிகூடச் செலவு வைக்காதவை. எது என்று பிரித்தறிய ஒரு மல்டிமீட்டர், ஒரு டைமிங் லைட், சில ஸ்பானர்கள், ஒரு கண்ணாடி பாட்டில், சாவியைத் திருப்ப ஓர் உதவியாள் ஆகியவை போதும்.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்ல வேண்டும். இஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் அதைத் தொடர்ந்து ஓடவைப்பதும் ஒரே வழியில் நடப்பவை அல்ல. செல்ஃப் சுற்றும்போது இஞ்சினுக்குச் சில தற்காலிக உதவிகள் கிடைக்கின்றன: ஆக்சிலரேட்டரை மிதித்ததால் கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப் பீய்ச்சிய பெட்ரோல், சோக் இழுத்ததால் கூடிய கலவை, சில கார்களில், ப்ளக்கின் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்குத் தனிப் பாதையில் வரும் மின்சாரம், கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. கார்களில் ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கென்றே கம்ப்யூட்டர் தரும் அதிகப்படி எரிபொருள். சாவியை விட்டதும் இந்த உதவிகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. அதன்பின் இஞ்சின் தன் வழக்கமான ஏற்பாட்டைக் கொண்டே நின்றாக வேண்டும். ஆகவே ஸ்டார்ட் ஆகிற கார் என்றால் கம்ப்ரஷன், டைமிங், ப்ளக்கில் பொறி ஆகிய மூன்றும் ஓரளவுக்காவது இருக்கின்றன என்று பொருள். ஹெட்டைக் கழற்றுவது, டைமிங் பெல்ட்டைச் சந்தேகிப்பது போன்றவற்றை இந்தக் கட்டத்தில் ஒதுக்கி வைத்துவிடலாம். எந்த உதவி விலகும் கணத்தில் இஞ்சின் சாகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

அதற்கு இரண்டைக் கவனிக்க வேண்டும்: பிடித்தபின் எத்தனை நொடியில் நிற்கிறது, எப்படி நிற்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல ஒரே வெட்டாக நின்றால் பழுது பெரும்பாலும் மின்சாரப் பக்கம் இருக்கும். தடுமாறி, குலுங்கி, வேகம் இறங்கி நின்றால் பெட்ரோல் அல்லது காற்றுப் பக்கம் இருக்கும். இதை உறுதிசெய்ய, ப்ளக்குக்குப் பொறி போகும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் நல்ல கருவி. அதன் பிடியை ஒரு ப்ளக் வயரில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, விளக்கைப் பாருங்கள். இஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மின்னல் அறுந்துவிட்டால் பொறிதான் முதலில் போயிருக்கிறது. இஞ்சின் சுற்று முற்றாக நிற்கும்வரை மின்னல் தொடர்ந்தால் பொறியில் குறையில்லை என்று நம்பி, பெட்ரோலைத் தேடப் போகலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அப்படியிருந்தும் பல ஒர்க்‌ஷாப்களில் யாரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமே.

சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்வரை இஞ்சின் ஓடி, விட்ட அதே கணத்தில் செத்தால் காரணங்கள் மிகக் குறைவு. இக்னிஷன் சுவிட்சுக்குள் ஸ்டார்ட் நிலைக்கும் ஆன் நிலைக்கும் தனித்தனித் தொடர்புகள் உண்டு. பல ஆண்டுகள் கனமான சாவிக்கொத்து தொங்கிய சுவிட்சில் ஆன் நிலைத் தொடர்பு தேய்ந்துபோவது சாதாரணம். பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை வெட்டி இணைக்கும் தொடர்பு) வைத்த பழைய கார்கள் சிலவற்றில் காயிலுக்கு முன்னால் பாலஸ்ட் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடை இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு நேரடியாகக் காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் அதன் வழியாக மட்டுமே போகும். அது உள்ளே அறுந்திருந்தால் கார் ஒவ்வொரு முறையும் அழகாக ஸ்டார்ட் ஆகி, ஒவ்வொரு முறையும் சாவியை விட்டதும் நின்றுவிடும். காயிலின் பிளஸ் முனையில் மீட்டரை வைத்து உதவியாளைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விட்ட கணத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தால் பழுது கையில் கிடைத்துவிட்டது. அப்போது சாவியை ஆன் நிலையில் வைத்து இலேசாக அசைத்துப் பாருங்கள். மின்சாரம் வந்து வந்து போனால் சுவிட்ச்தான். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு ஏதுமில்லாத காரில், பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து காயிலின் பிளஸ்ஸுக்கு ஒரு வயரை நேரடியாகப் பிடித்தும் இதை உறுதிசெய்யலாம். ஆனால் அந்த வயர் இருக்கும்வரை சாவியால் இஞ்சினை அணைக்க முடியாது, பாலஸ்ட் உள்ள காரில் காயிலும் சூடேறிக்கொண்டே போகும். அதனால் சோதனை முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் கார் விட்ட கணத்தில் நிற்கவில்லை, சில நொடிகள் ஓடித்தான் நிற்கிறது. மாதக்கணக்கில் நின்றிருந்த கார்புரேட்டர் வண்டியில் இந்த வரலாறே ஒரு துப்பு. கார்புரேட்டரின் மிதவை அறையில், அதாவது ஃப்ளோட் சேம்பரில், மிகச் சிறிதளவு பெட்ரோல்தான் நிற்கும். செல்ஃப் சுற்றும்போது பம்ப் கொஞ்சம் தள்ளும், அதில் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். உள்ளே வருவதைவிடச் செலவு அதிகமானால் சில நொடிகளில் அறை வற்றிவிடும். மாருதி 800-இன் கார்புரேட்டரில் இதைப் பார்க்க நல்ல வசதி ஒன்று இருக்கிறது: ஃப்ளோட் சேம்பரின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி, அதன் நடுவில் பெட்ரோல் மட்டத்துக்கான குறி. அதைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே உதவியாளை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இஞ்சின் தடுமாறும்போது மட்டம் குறிக்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் வந்து சேரவில்லை. மட்டம் குறியிலேயே அசையாமல் நிற்க, இஞ்சின் மட்டும் நின்றால் பெட்ரோல் வந்துவிட்டது, கார்புரேட்டருக்குள் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கார்புரேட்டரை மாற்றலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கண்ணாடியிலேயே இருக்கிறது.

மட்டம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கி டேங்க் வரை போக வேண்டும். இந்தக் காரில் பெட்ரோல் பம்ப், ஒர்க்‌ஷாப்களில் ஏ.சி. பம்ப் என்று சொல்லப்படுவது, இஞ்சினின் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும், டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கொண்ட பம்ப். காயிலின் மின்சார வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைப் பிடுங்கிக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் சுற்றச் சொல்லுங்கள். துடிப்புத் துடிப்பாக, வேகத்தோடு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். நன்றாகப் பீய்ச்சியும் கண்ணாடியில் மட்டம் ஏறவில்லை என்றால் கார்புரேட்டரின் நுழைவாயிலில் உள்ள வலையோ, ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோலை விட்டு மூடும், பிசின் பிடித்து ஒட்டிக்கொண்ட ஊசி வால்வோதான் தடை. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, குமிழிகளோடு வந்தாலோ அடுத்த படி: பம்பின் உள்வரும் ஹோஸைக் கழற்றி, புதுப் பெட்ரோல் உள்ள வேறொரு கேனுக்குள் விட்டு மறுபடியும் பாருங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்ப் நல்லது; அடைபட்ட ஃபில்டர், டேங்கின் அடியில் துரு, விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், காற்று போகாத டேங்க் மூடி ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். விரிசல் விட்ட ஹோஸ் பலரை ஏமாற்றும், ஏனெனில் டேங்குக்கும் பம்புக்கும் இடையே அது உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கேனிலிருந்தும் சரியாக வரவில்லையென்றால் பம்பின் டயாஃப்ரம் போயிருக்கிறது. அப்போது ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். கிழிந்த டயாஃப்ரம் வழியாகப் பெட்ரோல் இஞ்சின் ஆயிலில் கலந்திருந்தால் மணமே சொல்லிவிடும். ஆயிலை மாற்றாமல் அந்த இஞ்சினை ஓட்டக்கூடாது.

இந்த வேலைகளை ஷெட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் செல்ஃப் சுற்றும்போது ஒரு சிறு பொறி போதும்; தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. இஞ்சின் பின்னடித்தால் தீ நேராக முகத்துக்கு வரும்; ஒருபோதும் செய்யாதீர்கள்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாமல் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், எஞ்சியது பிசினாக மாறும், வார்னிஷ் போன்ற மணம் வரும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் இழுப்பதும் அந்த அடிப்பகுதியைத்தான். பாட்டிலின் அடியில் தனி அடுக்கு தெரிந்தால் வேறெதையும் தொடுவதற்கு முன் டேங்கை முழுவதும் வடித்துவிட வேண்டும். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, படிப்படியாக எல்லாப் பெட்ரோல் பங்குகளுக்கும் பரவியது. 1990-களின் காரின் ரப்பர் ஹோஸ்கள், டயாஃப்ரம், பேக்கிங்குகள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கலவைக் கணக்கும் மாறுகிறது: வெறும் பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை மாறாத கார்புரேட்டர் தன் பழைய கணக்கிலேயே காற்றை விடுவதால், இஞ்சினுக்குக் கிடைக்கும் கலவை முன்பைவிடச் சற்று மெலிந்ததாகிறது. நல்ல நிலையில் உள்ள கார் இதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஐடிலிங்குக்கு (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்துக்கு) பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் பாதி அடைந்து, எங்கோ சிறிது காற்றும் இழுக்கும் காருக்கு, ஐடிலிங்கில் நிற்க முடியாமல் போக இந்தச் சிறு மெலிவு போதும்.

இப்போது கண்ணாடியில் மட்டம் சரியாக இருக்கும் நிலைக்கு வருவோம். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து, இஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் பிடித்துவையுங்கள். அப்படியே எவ்வளவு நேரமும் ஓடி, காலை எடுத்தால் மட்டும் நின்றால் மெயின் ஜெட் வழி நன்றாக இருக்கிறது, ஐடிலிங் வழிதான் பழுது. ஐடிலிங் வழியில் முதலில் பார்க்க வேண்டியது, பல கார்புரேட்டர்களில் உள்ள ஃபியூவல் கட் சோலனாய்டு. சாவியை ஆன் செய்ததும் மின்சாரம் வந்து, அதன் ஊசி பின்வாங்கி, ஸ்லோ ஜெட்டுக்குப் பெட்ரோலைத் திறந்துவிட வேண்டும். அப்போது டிக் என்ற ஒலி கேட்கும். ஒலி இல்லையென்றால் அதன் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ் அல்லது வயர், வந்தும் அசையாவிட்டால் சோலனாய்டு. இதன் ஊசியை வெட்டிவிட்டு மாட்டிக்கொடுக்கும் குறுக்கு வழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. கார் அப்போதைக்கு ஓடும், ஆனால் சாவியை அணைத்தபின்னும் இஞ்சின் சிறிது நேரம் உதறிக்கொண்டே சுற்றக்கூடும். அதை நான் ஏற்பதில்லை.

சோலனாய்டு சரியென்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை அளவே உள்ள அந்தத் துளையை அடைக்கக் காய்ந்த பெட்ரோலின் பிசின் ஒரு துணுக்கே போதும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊத வேண்டும். கம்பியையோ ஊசியையோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், அதன்பின் கலவை ஒருநாளும் சரியாக அமையாது. கலவை ஸ்குரூவை எடுப்பதாக இருந்தால், முதலில் அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதிவைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. இங்கே சோக் ஒரு சிறந்த சோதனைக் கருவி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இஞ்சின் தடுமாறும் வேளையில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருக்கிறது: காற்று இழுக்கிறது, அல்லது ஜெட் அடைந்திருக்கிறது, அல்லது பெட்ரோல் குறைவு. ஓட்டம் இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே மிகுந்திருக்கிறது: ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது, சோக் தட்டு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறது. ப்ளக்கைக் கழற்றினால் அதுவும் இதையே சொல்லும்: மெலிந்த கலவையில் வெளிறிக் காய்ந்திருக்கும், மிகுந்த கலவையில் கறுத்து நனைந்திருக்கும். மெலிவு என்று தெரிந்தால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை ஒரு பிளையரால், கிழியாதபடி துணி சுற்றி, நெரித்துப் பாருங்கள். இஞ்சின் உடனே நிமிர்ந்தால் ஹோஸ் அல்லது பூஸ்டரின் டயாஃப்ரம்தான். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் ஹோஸ், கிராங்க் கேஸிலிருந்து வரும் ஹோஸ், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கனத்த இன்சுலேட்டரும் பேக்கிங்கும், கடைசியாக, கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் பேக்கிங். கசிவைக் கண்டுபிடிக்க பெட்ரோலையோ கிளீனரையோ பீய்ச்சுவது வழக்கத்தில் இருந்தாலும், பழைய ப்ளக் வயர்கள் பொறி கசியவிடும் காரில் அது தீ விபத்துக்கு வழி. தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்தாலே போதும். கசியும் இடத்தில் நீர் படும்போது இஞ்சினின் ஒலி மாறும்.

கேள்வியில் சொல்லப்படவில்லை என்றாலும், பழைய மாருதி 800, ஆம்னி கார்களில் எல்.பி.ஜி. கிட் பொருத்தியவை ஏராளம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட கார்புரேட்டர் காரில் பெட்ரோலை நிறுத்த ஒரு சோலனாய்டு வால்வும், டேஷ்போர்டில் பெட்ரோல், நடு, கேஸ் என்று மூன்று நிலை உள்ள சுவிட்சும் இருக்கும். நடு நிலையில் இரண்டுமே அடைபட்டிருக்கும். பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறும்முன் ஃப்ளோட் சேம்பரைக் காலிசெய்யவே அந்த நிலை. சுவிட்ச் நடுவில் நின்றுவிட்டால் எஞ்சிய பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, அது தீர்ந்ததும் கார் நின்றுவிடும். கேஸ் நிலையில் இன்னொன்று நடக்கும். கிட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி, காயிலிலிருந்து வரும் துடிப்பைப் பார்த்துத்தான் கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும்; துடிப்பு வராவிட்டால் பாதுகாப்புக்காக மூடிவிடும். துடிப்பைக் கொண்டுவரும் வயர் அறுந்திருந்தால், சாவி போட்டதும் ஓரிரு நொடி கேஸ் வந்து, இஞ்சின் பிடித்து, உடனே சாகும். கிட்டைக் கழற்றிய காரிலும் அந்தப் பெட்ரோல் சோலனாய்டு மட்டும் பைப்பில் விடுபட்டுக் கிடக்கக்கூடும்.

எம்.பி.எஃப்.ஐ. கார் வைத்திருப்பவர்களுக்கு இதே கேள்வியின் விடை வேறு. அதிலும் முதல் சோதனை காதால் செய்வது. சாவியை ஆன் செய்ததும் பின் இருக்கைப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்கரித்து நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் தொடர வேண்டும். இஞ்சின் சுற்றுகிறது என்ற சைகை வந்தால்தான் கம்ப்யூட்டர் பம்ப் ரிலேவைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சைகை விட்டுப்போனாலோ, ரிலேயின் தொடர்பு கருகியிருந்தாலோ, முதல் மூன்று நொடியில் சேர்ந்த அழுத்தத்தில் ஸ்டார்ட் ஆகி, அது இறங்கியதும் நிற்கும். பம்ப் தொடர்ந்து ஓடியும் நின்றால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 2.5 முதல் 3.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும், உங்கள் காருக்கான அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பைப்பைக் கழற்றும் முன் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குவது அவசியம்.

ஒவ்வொரு முறையும் மாறாமல் ஓரிரு நொடியில் வெட்டி நின்றால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரைச் சந்தேகியுங்கள். சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் காணாத போது சில கார்கள் ஸ்டார்ட் ஆகவே விடாது, சில பிடிக்கவிட்டு உடனே எரிபொருளை நிறுத்தும். டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னுகிறதா என்று பார்த்து, இரண்டாவது சாவியைக் கொண்டு முயன்று பாருங்கள். வெளியே பொருத்திய அலாரம் உள்ள காரில், அதன் ரிலே எங்கே வெட்டி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தேடுவதே பெரிய வேலை; பழைய அலாரத்தை முழுவதுமாக நீக்கி, வயரை முன்பிருந்தபடி சேர்த்துவிடுவது மேல்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓடி, விட்டால் நிற்கும் எம்.பி.எஃப்.ஐ. காரில் இஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் கரிப்படிவும், ஐடிலிங்குக்கான காற்றை விடும் ஐடில் கன்ட்ரோல் வால்வும்தான் முதல் சந்தேகம். கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். காற்றுக் கசிவின் விளைவு காருக்குக் கார் மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காற்றின் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், அளக்கப்படாத காற்று உள்ளே வருவதால் கலவை மெலிந்து இஞ்சின் நிற்கும். மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ. போல மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள காரில், கசிவு பெரும்பாலும் ஐடிலிங்கை உயர்த்தும். ஆனால் சென்சாருக்குப் போகும் சிறு ஹோஸ் கழன்றுவிட்டால், இஞ்சின் முழுச் சுமையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிப் பெட்ரோலைக் கொட்டும், கரும்புகையோடு நிற்கும். இஞ்சினின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார் தவறாகக் காட்டினாலும் இதே நிலை வரும். பொதுவாக அதன் மின்தடை 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும்.

சைலன்சர் பக்கத்தையும் விட்டுவிடக்கூடாது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அந்தக் காலத்துக் கன்வெர்ட்டரின் உட்பகுதி உடைந்து அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியின்றி இஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். நீண்ட நாள் நின்ற காரில் எலி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கலாம், சைலன்சர் வாயில் குளவி மண் வைத்திருக்கலாம். சைலன்சர் முனையில் கையை வைத்தால் காற்றுத் துடிப்பு தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆகவே உங்கள் காரில் இந்த வரிசையில் போங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்து, புது ஃபில்டர் மாட்டி, சில லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மொத்தமாக மாற்றிவிடுங்கள். அந்த வயதுள்ள ஹோஸை நம்பியிருப்பதில் பொருளில்லை. பிறகு கண்ணாடியில் மட்டம், 2,000 சுற்றுச் சோதனை, பாதிச் சோக் சோதனை. கார்புரேட்டர்தான் என்று இவை காட்டினாலும், முதலில் பேக்கிங் கிட் வாங்கி, பழையதையே பிரித்துச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். த்ராட்டில் ஷாஃப்ட் உட்காரும் துளை தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால்தான் கார்புரேட்டரை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தேய்வு வழியாகக் காற்று இழுப்பதைப் பேக்கிங் கிட் சரிசெய்யாது. அப்படி மாற்ற நேர்ந்தாலும் கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத புதியதைவிட, நல்ல நிலையிலுள்ள பழைய அசல் கார்புரேட்டரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வேலை முடிந்ததும் சூடான இஞ்சினில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுக் காரை வாங்கிக்கொள்ளாதீர்கள். சூட்டில் பெட்ரோல் எளிதாக ஆவியாவதால் மெலிந்த கலவையும் சிறு கசிவும் மறைந்துபோகும். இரவு முழுவதும் குளிரவிட்டு, காலையில் சோக்கோடு ஸ்டார்ட் செய்து, சோக்கைப் படிப்படியாகத் தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.